எலுமிச்சம்பழத்தின் எடை

அத்தியாயம் 17

மீன் கழுவிய தண்ணீர் யார் வாசலுக்குப் போனது என்பதுதான் நான்கு நாட்களாகச் சண்டை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அது ஐந்தாம் நாளாகத் தொடங்கியது.

"இன்னாம்மே குணா, உன் மீன் தண்ணி என் வூட்டுக்குள்ள வந்து குந்திக்கினு கீது. நா வூட்ட கழுவறதா, உன் வாய கழுவறதா?"

வராந்தாவின் கடைசி வீட்டு ரெஜினா துடைப்பத்தோடு நின்றாள்.

குணசுந்தரி அலுமினியக் கூடையைத் தரையில் ஓங்கி வைத்தாள். உள்ளே கிடந்த சங்கரா மீன்கள் ஒரு தடவை குதித்து அடங்கின.

"வாய பத்தி நீ பேசாத. பன்னண்டு வருசமா இதே எடத்துல குந்தி, இதே ஓட்டையிலதான் ஊத்திக்கினு கீறேன். தண்ணிக்கு உன் வூட்டு மேல இன்னா ஆசையோ, அத்த போயி தண்ணியாண்ட கேளு!"

இரண்டாம் மாடியின் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த பி பிளாக்கில், காலைச் சண்டை என்பது காலை டீ மாதிரி. யாரும் தவற விடுவதில்லை.

குணசுந்தரியின் மருமகள் வினிதா கோணித் துணியோடு வெளியே வந்தாள். அவளுக்கு எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டும்.

அவள் பின்னால் வந்த கணவன் திலீப், ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டே சலித்துக்கொண்டான். "ஒரு தொடை தொடச்சா தீந்துது. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா? வுடும்மா."

தரையில் ஓடிய தண்ணீரைத் தாண்டினான். குனிந்து பார்க்கக்கூட இல்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

வினிதா துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அத்தை சொன்னது பொய்யில்லை. வடிகால் ஓட்டைக்கு அரை அடி தள்ளித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அரை அடி ஓடினால் ஓட்டை. ஆனால் அது ஓட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முப்பது அடி பயணம் செய்து ரெஜினா வீட்டுக்குப் போயிருந்தது.

ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தாள். ஓட்டையின் வாயருகிலேயே மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தேங்கியது. பிறகு திரும்பியது. நேராக ரெஜினாவின் வாசலைப் பார்த்து ஓடியது.

"பாத்தியா! பாத்தியா! இப்போ மருமவளும் சேந்துக்கினா!" என்று ரெஜினா கத்தினாள்.

"அக்கா, கொஞ்சம் இரு" என்றாள் வினிதா. "தண்ணி போற வழியிலதான் போவுது. நம்ம பிளாக்குதான் சாஞ்சிகினு கீது."

சண்டை நின்றது. எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. தூணில், ஆள் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லிக்கு.

உண்மையில் அது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பிளாக்கின் பின்சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி, கழிவுநீர் ஏற்றும் நிலையத்துக்காக நாற்பதடி ஆழத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். கடலோரத்து மண். தோண்டத் தோண்ட ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். தண்ணீரோடு மண்ணும் நழுவினால் மேலே இருக்கும் கட்டடம் சாயும். சாய்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் மூலைக்கு ஒன்றாக நான்கு பெட்டிகள். மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தால் மஞ்சள் விளக்கு. மூன்றைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் குழியில் வேலை நிற்க வேண்டும்.

"நெஜப் பல்லி வாயால பலன் சொல்லும், இது லைட்டால சொல்லுது" என்று பெயர் வைத்தவளே குணசுந்தரிதான். மூன்று மாதமாக அந்தப் பெட்டிக்கு வேறு பெயர் கிடையாது.

பல்லி இப்போதும் பச்சையாகத்தான் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பச்சைதானே எரியுது?" என்றாள் ரெஜினா, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி.

"அதான்க்கா எனக்குப் புரியல" என்றாள் வினிதா.

அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அந்தப் பல்லிகள் அனுப்பும் எண்களைத் தினமும் கணினியில் ஏற்றுவதே அவள் வேலை.

*

குழியைச் சுற்றித் தகர வேலி. கேட்டில் திலீப். படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்தவன், அந்தப் பட்டறை மூடிய பிறகு, உள்ளூர் ஆள் என்று குழி தோண்டும் கம்பெனி கொடுத்த இந்தக் காவல் வேலையில் உட்கார்ந்திருக்கிறான். மனைவியே வந்தாலும் பதிவேட்டில் எழுதித்தான் உள்ளே விடுவான்.

'வினிதா, ஆபீஸ்' என்று எழுதினான். 'ஸ்' தலையில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னச் சுழி. அவன் எப்போதும் அப்படித்தான். காதலித்த காலத்தில் அவன் எழுதிய சீட்டுகளைப் பார்த்து, "இன்னாய்யா, எழுத்து மேல எல்லாம் முட்டை வெச்சிகீற?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

"பிளாக்கு சாஞ்சிகீது. காலையில நீயும் பாத்த இல்ல?" என்றாள் இன்று.

"நா இன்னாத்த பாத்தேன்? போ, போ. லாரி வருது." அவன் கண்கள் பதிவேட்டை விட்டு எழவில்லை.

கண்டெய்னர் அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. வினிதா கணினியைத் திறந்தாள். மூன்றாம் எண் பல்லி, அவர்கள் வீட்டு வாசலில் இருப்பது: ஒன்று புள்ளி மூன்று. பச்சை. நான்காம் எண், ரெஜினா வீட்டருகே: ஒன்று புள்ளி இரண்டு. பச்சை.

பட்டியலை மேலே தள்ளினாள். போன சனிக்கிழமையோடு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்று மாதக் கணக்கு, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி.

போன சனியும் ஞாயிறும் அவள் எண்ணூரில் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து திங்கட்கிழமையிலிருந்து புது எண்களைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பெட்டிகள் அனுப்பும் மூல எண்கள் இன்னொரு கோப்பில் தானாகவே சேரும். அதை அழிக்க யாருக்கும் நினைவிருக்காது. திறந்தாள். இருந்தது.

வெள்ளி இரவு மூன்றாம் எண்: இரண்டு புள்ளி ஒன்று. மஞ்சள் அடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணி: பூஜ்ஜியம்.

இரண்டு புள்ளி ஒன்று வரை சாய்ந்திருந்த கட்டடத்தை, 'இதுதான் நேர்' என்று வைத்துப் புதிதாக எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்று புள்ளி மூன்று.

கணக்குப் போட விரல்கூட வேண்டாம். மூன்று புள்ளி நான்கு. சிவப்பு!

எல்லா எண்களையும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். சனிக்கிழமை அறிக்கையைத் திறந்தாள். 'குடியிருப்போர் கருவியைச் சேதப்படுத்தியதால் தவறான அளவு பதிவானது. நான்கு கருவிகளும் மீண்டும் பூஜ்ஜியம் செய்யப்பட்டன. ஆதாரம்: படம் 1.'

படம் 1-ஐத் திறந்தாள்.

அந்தப் படத்தை எடுத்ததே அவள்தான்.

போன வெள்ளி, ஆடி வெள்ளி. அதற்கு முதல் நாள்தான் மாமனார் எத்திராஜ் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். அவர் நல்லபடியாகத் திரும்பவும், பிளாக்கின் மேல் பட்ட கண் கழியவும், குணசுந்தரி ஓர் எலுமிச்சம்பழத்தையும் நான்கு பச்சை மிளகாயையும் கயிற்றில் கோத்து, போயும் போயும் பல்லியின் கழுத்தில் கட்டியிருந்தாள். வினிதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படம் எடுத்து, 'எங்க அத்தை பல்லிக்கே திருஷ்டி கழிச்சுட்டாங்க' என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் ஒருவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

கதவு திறந்தது. கண்காணிப்புப் பிரிவின் பொறுப்பாளர் பரசுராமன் உள்ளே வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு சீக்கிரமாவே வந்துட்ட?"

"சார், எலுமிச்சம்பழத்துக்குக் கட்டடம் சாயுமா?"

அவர் பையை மேஜைமேல் வைத்தார். திரையைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"கருவியில கை வெச்சிருக்காங்க. கை வெச்சா ரீடிங் மாறும். ஜீரோ பண்றது வழக்கம்."

"சரி சார். மூணாம் நம்பர்ல எங்க அத்தை பழம் கட்டினாங்க. நாலாம் நம்பர்ல யார் கட்டினாங்க? அதுவும் அதே ராத்திரி ஒண்ணு புள்ளி ஒன்பது காட்டியிருக்கு. அதுல பழமும் இல்ல, மிளகாயும் இல்ல."

பரசுராமன் ஏசியைப் போட்டார்.

"இங்க பாரு வினிதா. குழிக்கு அடித்தளம் போட இன்னும் ஆறே நாள். பம்பை நிறுத்தினா தண்ணி ஏறிடும், மூணு மாச வேலை போயிடும். ஆறு நாள் பொறுத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

"அந்த ஆறு நாள் கட்டடம் பொறுத்துக்கும்னு யார் சார் சொன்னது? நாப்பத்தெட்டு வீடு சார்."

"எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. குடியிருக்கிறவங்க சார்பா கையெழுத்தும் வாங்கியாச்சு. கடைசிப் பக்கம் என்கிட்ட இருக்கு." குரல் கெட்டியானது. "நீ எண்ணை ஏத்துற பொண்ணு. எண்ணுக்கு அர்த்தம் சொல்ற வேலை உனக்கு இல்ல. கார்டைக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ."

கழற்றி வைத்தாள். கட்டடத்தைக் கண்காணிப்பவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் குழி தோண்டுபவன். அப்புறம் விளக்கு எந்த நிறத்தில் எரியும்? இவ்வளவு நாள் இது ஏன் தன் புத்தியில் உறைக்கவில்லை என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

*

வினிதா சொல்லி முடிக்கும்வரை குணசுந்தரி கத்தியைக் கீழே வைக்கவில்லை. பாதி அறுத்த மீன் அருகில் கிடந்தது.

"என்னால தான் அத்தே. நா அந்த போட்டோவ போட்டிருக்கக் கூடாது."

"நீ சும்மா கெட." குணசுந்தரி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "பூமிய தோண்டி தண்ணிய உறிஞ்சி வூட்ட சாச்சது அவன். பழி எம் பழத்து மேலயா? ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி தான் போயி கழனித்தண்ணியில வுழுந்துச்சாம். இவன் பல்லிய தூக்கிப் போட்டதே அவன்தான், கஸ்மாலம்!"

உள்ளே போனாள். வெளியே வந்தபோது ஒரு கையில் மீன் நிறுக்கும் மின்தராசு, இன்னொரு கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"ரெஜினா! வர்றியா, இல்ல வூட்ட தொடச்சிகினே கீறியா?"

"வராம?" ரெஜினா துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "அஞ்சி நாளு உன்ன திட்டிட்டேன். அந்த வட்டிக்காவது வர்றேன்."

பத்தரை மணிக்கு கேட்டின் முன்னால் நாற்பது பெண்கள் இருந்தார்கள். கலவை லாரி ஒன்று உள்ளே போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

திலீப் ஓடி வந்தான். "யம்மா, மானத்த வாங்காத. வூட்டுக்குப் போ."

"எந்த வூட்டுக்குடா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

அவன் பின்வாங்கி, கேட்டுக்குள் போய் நின்றுகொண்டான்.

பரசுராமன் வெளியே வந்தார். குணசுந்தரி தராசை லாரிக்கு முன்னால் தரையில் வைத்தாள். பழத்தை அதன்மேல் வைத்தாள்.

"ஒரு தபா குனிஞ்சி பாரு நைனா. இன்னா காட்டுது?"

"அம்மா, டிராமா வேணாம். இது மெஷின் சம்பந்தப்பட்ட விஷயம்."

"இதுவும் மெஷினுதான். நாப்பது கிராமு காட்டுது. மொளகாயோட சேத்து அம்பதுன்னே வெச்சிக்க. நாலு மாடி கட்டடம். ஒசரப் படிப்பு படிச்சவரு, நீயே சொல்லு. அம்பது கிராமுக்கு நாலு மாடி சாஞ்சிதா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் நெருப்பு இருந்தது. லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

வினிதா கூட்டத்தின் பின்னால், சுவரோடு ஒட்டி நின்று போனைத் திறந்தாள். கார்டை வாங்கிக்கொண்டவர் கடவுச்சொல்லை மாற்ற மறந்திருந்தார். ஒவ்வொரு பல்லிக்கும் 'ஆரம்ப அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. சனிக்கிழமை வைத்ததை அழித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் முதல் நாள் எடுத்த எண்ணை எழுதினாள். இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. எது இருந்ததோ அது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

விரல் ஒரு நொடி தயங்கியது. இந்த வேலைக்காக மூன்று வருடம் அலைந்திருக்கிறாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலிக்கு மேலே பி பிளாக் தெரிந்தது. நாலாம் மாடிக் கொடியில் யாரோ பள்ளிச் சீருடை காயப் போட்டிருந்தார்கள்.

அழுத்தினாள்.

முதலில் பரசுராமனின் சட்டைப்பையில் ஒலித்தது. பிறகு கம்பெனி மேனேஜரின் போனில். பிறகு கண்டெய்னர் கூரையில் இருந்த ஊதுகுழல், மூன்று மாதத்தில் முதல் தடவையாக, ஊளையிட்டது. இரண்டாம் மாடித் தூணில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

"பல்லி சொல்லிடுச்சி!" என்று ரெஜினா துடைப்பத்தைத் தூக்கினாள்.

*

அந்த எச்சரிக்கை, குழி வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்த குடிநீர் வாரியத்தின் பொறியாளர் ஜஸீமாவின் போனுக்கும் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டார். கணினிப் பக்கம் போகவில்லை. இரண்டாம் மாடி ஏறி, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். ஊற்றினார். அது ஓடிய வழியைக் கடைசிவரை நின்று பார்த்தார்.

கீழே வந்து பரசுராமனிடம் இரண்டே வாக்கியம் பேசினார். "பம்பை நிறுத்துங்க. குழியில தண்ணி ஏறட்டும்."

பெண்கள் கை தட்டினார்கள். அடுத்த வாக்கியத்தில் கைதட்டல் நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள பிளாக்கைக் காலி பண்ணணும்மா. சோதனை முடியுறவரைக்கும் மாநகராட்சிப் பள்ளியில தங்குங்க."

தப்பு செய்தவன் ஏசி கண்டெய்னரில் உட்கார்ந்திருக்க, தப்பைச் சொன்னவர்கள் பாயும் பானையுமாகப் படியிறங்கினார்கள். யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டினார்கள். யாரோ டிவியைத் துணியில் சுற்றினார்கள். குணசுந்தரியின் அலுமினியக் கூடையை ரெஜினா தலையில் தூக்கிக்கொண்டாள்.

"இஸ்கூல்ல மீன் தண்ணிய எங்க ஊத்துவ?"

"உன் பாய் மேலதான், வேற எங்க?" என்றாள் குணசுந்தரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு ஜஸீமா கையில் ஒரு தாளோடு அவர்களிடம் வந்தார்.

"சனிக்கிழமை அறிக்கையோட கடைசிப் பக்கம். 'நாங்கள் கருவியைத் தொட்டது உண்மை, பூஜ்ஜியம் செய்யச் சம்மதிக்கிறோம்'னு உங்க பிளாக் சங்கத் தலைவர் கையெழுத்து போட்டிருக்கார். எத்திராஜ்னு ஒருத்தர். யாரு அது?"

"என் வூட்டுக்காரரு" என்றாள் குணசுந்தரி. "சனிக்கெழமையா? மேடம், அவரு வியாழக்கெழமையே கடலுக்குப் பூட்டாரு. இன்னும் கரைக்கு வரல!"

ஜஸீமாவின் புருவம் உயர்ந்தது. "அப்போ இதைப் போட்டது யாரு?"

வினிதா எட்டிப் பார்த்தாள்.

எத்திராஜ். 'த்' தலையில் புள்ளி இல்லை. சின்னதாக ஒரு சுழி. 'ஜ்' தலையில் இன்னொரு சுழி.

இரண்டு பூஜ்ஜியங்கள்.

மெல்லத் திரும்பி கேட்டைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பதிவேடு திறந்து கிடந்தது. கேட்டுக் கம்பியில் ஆரஞ்சு மேல்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"எம் புருசன் பேர எழுதினவன் எவன்?" குணசுந்தரி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். குரல் வீதி முழுக்கக் கேட்டது. "நாப்பத்தெட்டு குடும்பத்துக்குக் குழி வெட்டினவன்! அவன் கை வெளங்குமா? அவன் பெத்தவ வயிறு..."

"அத்தே!" வினிதா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "சாபம் மட்டும் வுடாத அத்தே!"